மினுக்குவது ஏன் என்பதையும் சொல்லுங்கள்

கிறிஸ்துமஸ் மரத்து சீரியல் விளக்கில் ஒரு பல்பு போனால் சரம் முழுவதும் அணைவது ஏன் என்பதை நான் படித்த கட்டுரை ஒன்று தெளிவாக விளக்குகிறது. ஆனால் அவை ஏன் மினுக்குகின்றன என்று குழந்தைகள் முதலில் கேட்கும் கேள்வியைத் தொடவே இல்லை. பழைய சரங்களில் ஒரு பல்புக்குள் இருவேறு உலோகங்கள் ஒட்டிய சிறு தகடு இருக்கும். அது சூடேறியதும் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும், அதனால்தான் சரம் முழுவதும் அணைந்து அணைந்து எரிகிறது. இன்றைய எல்இடி சரங்களில் பெரும்பாலும் ஒரு சிறு மின்னணுச் சில்லு அவ்வேலையைச் செய்கிறது.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது வீட்டு மின்சாரத்தில் எதையும் செய்து காட்டக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு பென்சில் செல்களை வரிசையாக இணைத்தால் கிடைக்கும் 3 வோல்ட்டே ஒரு வெள்ளை எல்இடிக்குப் போதும். அதன் கால்களை (இரு கம்பி முனைகளை) மாற்றி வைத்தால் எரியாது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.