மேஸ்திரிக்கு ஒன்பது மணி

(புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பாதி எழும்பிய வீடு. சிமெண்ட் மூட்டைகளின் மேல் ஒரு லேப்டாப். அதன் முன்னால் நித்யா, கட்டட நிறுவனம் ஒன்றில் திட்டமிடும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள். பக்கத்தில் டீ கிளாசோடு தாய்மாமா தணிகாசலம் மேஸ்திரி. அவருக்கு லேப்டாப் மேல் பகை எதுவும் இல்லை. அது மூட்டை மேல் உட்கார்ந்திருப்பதுதான் பிடிக்கவில்லை.)

நித்யா: மாமா, உங்கள் வேலை மொத்தத்தையும் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்கிற திட்டமிடும் மென்பொருளில் ஏற்றிவிட்டேன். நாள் கணக்கே கிடையாது, எல்லாம் மணிக்கணக்கு.

மேஸ்திரி: மணி எங்கேம்மா? வெறும் தேதிதானே தெரிகிறது.

நித்யா: முதலில் அப்படித்தான் காட்டும். ஆப்ஷன்ஸில் போய் மாற்றணும்... இதோ. தளம் கான்கிரீட், 8 மணி நேரம். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஆரம்பம்.

மேஸ்திரி: ஒன்பதா? நான் ஆறு மணிக்கே கான்கிரீட் கலக்குகிற மில்லரை ஓடவிடுவேனே.

நித்யா: திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம். அது கழிந்துதான் பூஜை என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார்.

மேஸ்திரி: சரி, எப்போது முடிகிறது?

நித்யா: செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு.

மேஸ்திரி: (கிளாசைக் கீழே வைத்து) எட்டு மணி நேர வேலை என்றுதானே சொன்னாய்?

நித்யா: ஆமாம். 9 முதல் 12 வரை மூன்று. அப்புறம் ஒரு மணி நேரம் சாப்பாடு. 1 முதல் 5 வரை நான்கு. ஏழு ஆச்சா? மீதி ஒரு மணி நேரம் மறுநாள் 8 மணிக்கு.

மேஸ்திரி: அதாவது, அஞ்சு மணி அடித்ததும் தளத்தில் ஒரு மூலையை மட்டும் அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு கிளம்புகிறோம்.

நித்யா: அது வந்து...

மேஸ்திரி: தண்ணீர் பட்ட சிமெண்ட் அரை மணி தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் இறுக ஆரம்பிக்கும். ராத்திரி முழுக்க இறுகிக் கிடந்ததன் பக்கத்தில் காலையில் பச்சைக் கான்கிரீட்டைக் கொட்டினால் ஒட்டுமா? ஐப்பசி மழை அந்த ஜாயின்ட் வழியாக நேரே வீட்டுக்கார அம்மாவின் கட்டிலில் இறங்கும். ராகுகாலம் எல்லாம் பார்க்காது.

நித்யா: 8 முதல் 12, 1 முதல் 5 என்று ஒரு காலண்டர் தானாகவே உள்ளே இருக்கும் மாமா. நாம் மாற்றலாம். இந்த வேலைக்கு மட்டும் 24 மணி நேரக் காலண்டரை மாட்டிவிடுகிறேன். ஆட்களுடைய காலண்டரைப் பார்க்காதே என்றும் ஒரு டிக் போட்டாச்சு.

மேஸ்திரி: ஆட்களும் அதைப் பார்ப்பதில்லை. போடு, போடு. இதென்ன, மதியம் 1 மணிக்குக் கட்டுக்கம்பி வாங்கப் போகிறோமா?

நித்யா: சாப்பிட்ட கையோடு போய்விட்டு வந்துவிடலாம் என்று...

மேஸ்திரி: நீ பாண்டியில்தானே பிறந்தாய்? ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணி வரைக்கும் கடைக்காரன் கண்ணைத் திறக்க மாட்டான். பிரெஞ்சுக்காரன் 1954-லேயே ஆட்சியை விட்டுப் போனான். அந்த மதியத் தூக்கத்தை மட்டும் கப்பலேற்ற மறந்துவிட்டான்.

நித்யா: அந்த நாளை விடவில்லை மாமா. விடுதலை நாள் நவம்பர் 1, சட்டப்படி கைமாறிய நாள் ஆகஸ்ட் 16, ரெண்டையும் லீவாகப் போட்டிருக்கிறேன்.

மேஸ்திரி: கம்பி கட்டுகிறவர்கள் கடலூர்க்காரர்கள். அவர்கள் ஊரில் அன்றைக்கு லீவு கிடையாதே.

நித்யா: ஆளுக்கு ஒரு காலண்டர் வைக்கலாம்.

மேஸ்திரி: அப்படியா? மில்லர் ஓட்டுகிறவனுக்கு ஒன்று வை. சனிக்கிழமை கூலி வாங்கினால் செவ்வாய்க்கிழமைதான் அவனுக்கு விடியும்.

நித்யா: திங்கட்கிழமை தளம் போடுகிறோமே!

மேஸ்திரி: நானும் அதைத்தான் யோசிக்கிறேன்.

(நித்யா தளத்தைச் செவ்வாய்க்குத் தள்ளுகிறாள். கீழே இருந்த அத்தனை வேலையும் சேர்ந்து நகர்கிறது. மேஸ்திரி முதல்முறையாகத் திரையை மரியாதையோடு பார்க்கிறார்.)

மேஸ்திரி: நில்லு, தண்ணீர் கட்டுவது ஏழு நாள். நடுவில் ஏன் ரெண்டு நாள் ஓட்டை?

நித்யா: சனி, ஞாயிறு.

மேஸ்திரி: தளத்துக்கு வார லீவா? ரெண்டு நாள் வெயிலில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும்.

நித்யா: ஏழுக்குப் பின்னால் ஈ, டி என்று ரெண்டு எழுத்து தட்டினால் லீவு பார்க்காமல் ராப்பகலாக ஓடும். ஆச்சு.

மேஸ்திரி: குளியலறைப் பூச்சு 48 நிமிஷமா?

நித்யா: ஒரு கொத்தனாருக்கு எட்டு மணி நேரம். பத்துப் பேர் போட்டேன், அதுவே வகுத்துக்கொண்டது.

மேஸ்திரி: ஆறடிக்கு நாலடி அறையில் பத்துக் கொத்தனார் நின்றால் பூச்சு சுவரில் ஏறாது, அடுத்தவன் முதுகில்தான் ஏறும். சரி, அது கிடக்கட்டும். என் பெயர் ஏன் சிவப்பாக இருக்கிறது?

நித்யா: ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் தாங்காத வேலை விழுந்தால் சிவப்பாகிவிடும். இன்றைக்குக் காலை 9 மணிக்கு நீங்கள் முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, அரியாங்குப்பம் மூன்று இடத்திலும் இருக்கிறீர்கள்.

மேஸ்திரி: யார் சொன்னது?

நித்யா: மூன்று வீட்டுக்காரர்களும். நீங்களே வாயால் சொன்னதாம்.

மேஸ்திரி: ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கும்மா. அதைப் போய் எழுதி வைப்பார்களா?

நித்யா: ஒரு பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். லாஸ்பேட்டை நாளைக்கு, அரியாங்குப்பம் நாளை மறுநாள்.

மேஸ்திரி: அது அவர்களுக்குத் தெரியவருமா?

நித்யா: தினமும் அவர்களுக்கு ஒரு காப்பி அனுப்பச் சொல்லி முதலாளி உத்தரவு.

மேஸ்திரி: அப்போது தள்ளாதே. சிவப்பை மட்டும் கறுப்பாக்கு.

(செல்போன் அடிக்கிறது. லாஸ்பேட்டை வீட்டுக்கார அம்மா.)

மேஸ்திரி: அம்மா, வந்துகொண்டே இருக்கிறேன்... ராஜீவ் காந்தி சிலை சிக்னலில்தான் நிற்கிறேன்... ஆமாம்மா, ஒரே கூட்டம்... எந்தப் பக்கமா? லாஸ்பேட்டை திரும்புகிற பக்கம்தான்... என்னது, நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்களா?