அது வீட்டுக்குத்தான் போச்சு

ட்ரோன் ஒண்ணு விழற அந்த 40 செகண்ட் வீடியோவை இதுவரைக்கும் ஒன்பது பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. ஒன்பதாவது ஆள் எங்க சித்தப்பா. கீழே ஒரு வரி வேற: "நீ சிபாரிசு பண்ணுன சாமான் லட்சணத்தப் பாரு."

எந்த வீடியோன்னு சொல்ல வேண்டியதில்ல. தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம், ஞாயித்துக்கெழமை, புதுமனை புகுவிழா, மொட்டை மாடி, பக்கத்துல தென்னந்தோப்பு, கடைசியில 'சடசட'. அதைப் போட்ட நம்ம அண்ணன் ஒருத்தர் அதுக்கு வெச்ச தலைப்பு: "சிக்னல் கட் ஆகி விழுந்த ட்ரோன்! நம்பி வாங்காதீங்க மக்களே!" ஆச்சரியக்குறி அவரோடது.

சிக்னல் கட் ஆகலைங்க.

இதை குரூப்ல நாலு தடவை எழுதிட்டேன். சிரிக்கிற பொம்மை போட்டாங்க. அதனால இங்க எழுதறேன். இங்கயாச்சும் கடைசி வரைக்கும் படிக்கிற நாலு பேர் இருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை.

வீடியோவ மெதுவா ஓட்டிப் பாருங்க. மூணாவது செகண்ட்ல மாடியோட மூலை தெரியுது. மேல ரெண்டாவது மாடி எழுப்பறதுக்குன்னு விட்டு வெச்ச கம்பி, எட்டோ பத்தோ, இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு மூணு அடி தள்ளி ட்ரோன். கீழே கான்கிரீட், கான்கிரீட்டுக்குள்ள இன்னும் கம்பி. ஒரு பக்கம் படிக்கட்டு ரூம், இன்னொரு பக்கம் தண்ணி டேங்க். ட்ரோனுக்குள்ள இருக்கற காம்பஸ் வடக்கு எதுன்னு பூமியோட காந்தப்புலத்த வெச்சுத்தான் கண்டுபிடிக்குது. நாலு பக்கமும் இரும்ப நட்டு வெச்சா அது எதை வடக்குன்னு நினைக்கும்?

ஆறாவது செகண்ட்ல ட்ரோன் ஓட்டுற தம்பி கையில இருக்கற போன் ஸ்கிரீன் ஒரு நொடி தெரியுது. பெருசு பண்ணிப் பாருங்க. ட்ரோன் தான் இருக்கற இடத்தத் தெரிஞ்சுக்கற ஜிபிஎஸ் சாட்டிலைட் எண்ணிக்கை 5. ஐந்து! பத்துக்கு மேல வந்து, "ஹோம் பாயின்ட் அப்டேட் ஆயிடுச்சு"ன்னு குரல் கேட்ட பிறகுதான் மேல ஏத்தணும். ஹோம் பாயின்ட்னா, ஹோம் பட்டன அமுக்கினா ட்ரோன் தானா திரும்பி வந்து எறங்கற இடம். வெட்டவெளியில பேட்டரி ஆன் பண்ணினா ஒரு நிமிஷம், புது ஊருக்குக் கொண்டுவந்து முதல் தடவை ஆன் பண்ணினா ரெண்டு மூணு நிமிஷம்கூட ஆகும். அவ்வளவுதான் காத்திருக்கணும். ஐயர் ஹோமம் முடிக்க ரெண்டு மணி நேரம் காத்திருந்தவங்களுக்கு இந்த ரெண்டு நிமிஷம் பொறுக்கல.

ஒன்பதாவது செகண்ட்ல செங்குத்தா ஏத்தறாங்க. தரைக்குப் பக்கத்துல இருக்கற வரைக்கும் அடியில இருக்கற கேமரா தரையைப் பாத்து இடத்தப் பிடிச்சு வெச்சுக்கும். இந்த சின்ன ரகத்துல அது சுமார் 10 மீட்டர் உயரம் வரைக்கும் ஒழுங்கா வேலை செய்யும். அதைத் தாண்டினா ஜிபிஎஸ் வேணும். ஜிபிஎஸ் இல்ல. அப்ப என்ன ஆகும்? காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் போகும், எண்ணெய் தடவின கண்ணாடி மேல வெச்ச மாதிரி வழுக்கிக்கிட்டு. பதினஞ்சாவது செகண்ட்ல இருந்து நீங்க பாக்கறது அதைத்தான்.

இப்பத்தான் விஷயமே. வழுக்கிப் போய் தோப்புக்கு மேல நின்னப்ப மறைப்பு எதுவும் இல்ல, கம்பியும் இல்ல. சாட்டிலைட் கடகடன்னு கிடைச்சிருக்கும். போதுமான அளவு கிடைச்ச அந்த முதல் இடத்த அது "ஹோம்"னு குறிச்சுக்கும். எந்த இடம்? மாடி இல்ல. தோப்பு. இருபத்திரெண்டாவது செகண்ட்ல யாரோ கத்தறாங்க, "டேய், ஹோம் பட்டன அமுக்குடா!" தம்பி அமுக்கினாரு. அது சமத்தா திரும்பி, தோப்புக்கு மேல வந்து நின்னு, நேரா எறங்குச்சு. அடியில தென்ன மரம்.

அது வீட்டுக்குத்தான் போச்சுங்க. அதுக்குத் தெரிஞ்ச வீட்டுக்கு.

சிக்னல் கட் ஆகியிருந்தா ஸ்கிரீன்ல படம் உறைஞ்சு சாம்பல் நிறமாயிருக்கும். முப்பத்தொண்ணாவது செகண்ட்ல ஸ்கிரீன் இன்னொரு தடவை தெரியுது பாருங்க, தென்னங்குருத்து பச்சப்பசேல்னு அசையுது. மரத்துல மோதற வரைக்கும் படம் வந்துக்கிட்டு இருந்திருக்கு. இதுல எங்கண்ணே சிக்னல் கட்டு?

"ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்? பெட்டி மேலயே 'ஈஸி'ன்னுதானே போட்டிருக்கான்?" இப்படி ஒருத்தர். பிரஷர் குக்கர் பெட்டி மேலயும் ஈஸின்னுதான் போட்டிருக்கும். அதுக்காக தண்ணி ஊத்தாம அடுப்புல ஏத்துவீங்களா? சுலபம்னா என்ன அர்த்தம்னா, கைய எடுத்தா அந்த இடத்துலயே நிக்கும். பழைய காலத்து ஆர்.சி. (ரிமோட்ல ஓட்டற) ஹெலிகாப்டர் கைய எடுத்தா விழும், இது நிக்கும். அந்த நிக்கிறதுக்கே ஜிபிஎஸ்ஸும் காம்பஸும் வேணும். அது ரெண்டையும் பிடுங்கிட்டு "ஏன் நிக்கல"ன்னு கேக்கறோம்.

மாடியில ஏத்தியே ஆகணும்னா ஒரு ப்ளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அதுமேல வைங்க. தரையில இருந்து ரெண்டு மூணு அடி மேல போனாலே உள்ள இருக்கற கம்பியோட தொல்லை குறையும். இரும்பு ஸ்டூல் இல்ல, ப்ளாஸ்டிக். இதைச் சொன்னதுக்கு ஒருத்தர் "கார் பானட் மேல வைக்கலாமா"ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்றது. அதைவிட மாடிய விட்டு எறங்கி, அறுத்து முடிச்ச ராகி காட்டுக்கோ காஞ்சு கெடக்கற ஏரிக்கோ போங்க. வெறும் மண்ணுல வைக்காதீங்க, ஒரு சாக்க விரிச்சு வைங்க. நம்ம பக்கம் கிரானைட் குவாரியும் கிரஷரும் இல்லாத திசை இல்ல. அந்தத் தூசி மோட்டார் உள்ள போனா கரகரன்னு சத்தம் வரும். லேத் பட்டறை வாசல்னா இன்னும் மோசம். மோட்டார் உள்ள இருக்கறது நல்ல வலுவான காந்தம், இரும்புத் துருவல உறிஞ்சி ஒட்ட வெச்சுக்கும். ரெக்கைய விரலால மெதுவா சுத்திப் பாத்து, எங்கயாச்சும் தடுக்குதுன்னா காத்தடிச்சு ஊதுங்க. எண்ணெய் மட்டும் விடாதீங்க, புண்ணியமாப் போகும்.

அடுத்தது ஹோம் உயரம். வீட்டுக்கு வான்னா முதல்ல எவ்வளவு உயரம் ஏறிட்டு வரணும்ங்கறத நாமதான் செட் பண்ணணும். பக்கத்துல தென்ன மரம் 20, 25 மீட்டர் இருக்கும், செல்போன் டவர் 40 மீட்டர் இருக்கும். சுத்திப் பாத்து, எது உசரமோ அதுக்கும் மேல 15 மீட்டர் சேத்து வைங்க. இன்னொண்ணு, கிட்டத்துல இருக்கறப்ப ஹோம் அமுக்கினா அது அவ்வளவு உயரம் ஏறாமலே வரும், இல்லைன்னா இருந்த இடத்துலயே எறங்கும். மாடலுக்கு மாடல் கணக்கு மாறும், கையேட்டுல ஒரே ஒரு பக்கம், படிங்க. முன்னாடி, பக்கவாட்டுல சென்சார் இல்லாத மலிவு ரகம் மரத்தப் பாத்து ஒதுங்காது. அதுக்குக் கண்ணே கீழ பாத்துத்தான்.

வழுக்க ஆரம்பிச்சா ஹோம் பட்டன் பக்கமே போகக்கூடாது. ரிமோட்ல இடது ஸ்டிக்க மெல்ல கீழ இழுத்து உயரத்தக் குறைங்க, அடியில மரமோ ஆளோ இல்லைன்னா. பத்து மீட்டருக்குள்ள வந்ததும் அடிக் கேமரா தரையப் பிடிச்சுக்கும், நிக்கும். வால் உங்களப் பாக்கற மாதிரி திருப்புங்க. அப்பத்தான் வலதுன்னா வலது, இடதுன்னா இடது. மூக்கு உங்களப் பாத்துக்கிட்டு இருந்தா எல்லாமே தலைகீழ், பதட்டத்துல அத்தனை பேரும் தப்பாத்தான் தள்ளுவாங்க. தப்பா ஹோம் அமுக்கிட்டாலும் பரவாயில்ல, அதே பட்டன மறுபடி அமுக்கினா ரத்தாகும். எறங்கிக்கிட்டு இருக்கறப்ப இடது ஸ்டிக்க மேல தள்ளினா நிக்கும். இந்த வீடியோவுல முப்பத்தொண்ணுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவுல ஏழு செகண்ட் இருந்துச்சு. ஏழு செகண்ட்ல அதை மூணு தடவை தூக்கியிருக்கலாம். ஆனா தம்பியச் சுத்தி பதினஞ்சு பேர் "அய்யய்யோ"ன்னு கத்தினா அவரு என்ன பண்ணுவாரு. தம்பி மேல எனக்குக் கோவம் இல்லைங்க. தலைப்பு போட்டவர் மேலதான்.

காத்தடிச்சதாலதான் போச்சுன்னு ஒரு கோஷ்டி. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற ஊர்ல 249 கிராம் ட்ரோன் எம்மாத்திரம்னு கேக்கறது சரிதான். டிஜேஐ கம்பெனியோட மினி 2 மாதிரி ரகம் செகண்டுக்கு சுமார் 10 மீட்டர் வேகக் காத்து வரைக்கும் தாங்கும்னு கணக்கு. தரையில தூசி பறக்கலையேன்னு நம்பிடக்கூடாது, 60 மீட்டர் மேல வேற காத்து. தொப்பூர் கணவாய்ல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும். அதனால போறப்ப காத்துக்கு எதிர்ல போங்க, திரும்பறப்ப காத்தோட வாங்க. மாத்திப் பண்ணினா பேட்டரி பாதி வழியில கழுத்தறுக்கும். 31 நிமிஷம்னு பெட்டியில போட்டிருக்கறது காத்தே இல்லாத இடத்துல அளந்தது. கையில 20, 22 நிமிஷம்னு வெச்சுக்கிட்டு 30 சதவீதத்துல திரும்பிடுங்க. ஆனா ஞாயித்துக்கெழமை அடிச்சது லேசான தென்றல்தான், தோரணம்கூட சரியா ஆடல, வீடியோவுலயே தெரியுது. ஜிபிஎஸ் பிடிச்சிருந்தா அந்தத் தென்றல்ல அசையாம நின்னிருக்கும்.

பேட்டரி பேச்சு வந்ததால ஒண்ணு. பறந்து எறங்கின சூட்டோட சார்ஜ் போடாதீங்க, அரை மணி நேரம் ஆற விடுங்க. முழு சார்ஜோட வாரக்கணக்கா அலமாரியில வைக்காதீங்க, 50, 60 சதவீதம் போதும். சித்திரை வெயில்ல கார் டேஷ்போர்டு மேல வெச்சீங்கன்னா பூரி மாதிரி உப்பும். உப்பினதுக்கு வைத்தியம் கிடையாது. வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி 9-லேயே தடை வந்தாச்சு. அதனால கையில இருக்கறதக் காப்பாத்திக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

"ட்ரோனே சட்டவிரோதம், போலீஸ்ல சொல்லணும்"னு எழுதின பெரியவருக்கு: 2021 ட்ரோன் விதிகள்னு ஒண்ணு இருக்கு ஐயா. 250 கிராம் வரைக்கும் நானோ, அதை ஓட்ட பைலட் சர்டிபிகேட் தேவையில்ல. 2 கிலோ வரைக்கும் மைக்ரோ, அதையும் பொழுதுபோக்குக்கு ஓட்டினா தேவையில்ல, காசு வாங்கிக்கிட்டு கல்யாணத்துக்கு ஓட்டினா தேவை. 249 கிராம் ட்ரோன்ல ரெக்கைக்கு வளையம் மாட்டினா 250-ஐத் தாண்டிடும், அப்ப அது நானோ இல்ல. முன் அனுமதி இல்லாம பறக்கலாம்னு விட்டிருக்கற பச்சை மண்டலத்துல 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரைக்கும். அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல நம்ம இடம் என்ன நிறம்னு பாத்துட்டுத்தான் ஏத்தணும். ஓசூர் பக்கத்து ஆளுங்க முக்கியமா பாக்கணும், பேளகொண்டப்பள்ளியில விமான ஓடுதளம் இருக்கு. ஒகேனக்கல், தேன்கனிக்கோட்டை காடுன்னா வனத்துறை அனுமதி இல்லாம பெட்டியவே திறக்காதீங்க. யானைக்கு அந்த ரீங்காரம் ஆகாது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலயும் வேணாம், அனுமதி ஒரு பக்கம், அடிக் கேமரா தண்ணிய நம்பி ஏமாறறது இன்னொரு பக்கம். எருது விடற விழாவுல கூட்டத்துக்கு மேல ஓட்டறவங்களப் பத்தி நான் எழுதினா பதிவு வேற மாதிரி போயிடும்.

பொம்பளைங்க இருக்கற மாடி, கொல்லைப்புறம் எல்லாம் கேமராவுல விழுதேன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. நியாயம். பதில் இல்ல.

ஆனா "நீதானே வாங்கச் சொன்னே"ன்னு கேக்கறீங்களே, அதுக்கு மட்டும் பதில் இருக்கு. ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்வேன். போன தை மாசம் போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு பூத்துக் கெடந்தத மேலேருந்து எடுத்துப் போட்டப்ப, "சூப்பர் தம்பி, எந்தக் கேமரா"ன்னு கேட்டு முந்நூறு பேர் ஷேர் பண்ணுனாங்க. தலைப்பு போட்ட அண்ணனும் அதுல ஒருத்தரு. கோயில் கமிட்டிக்கு வீடியோ வேணும்னு கேட்டப்ப பெட்ரோல் காசுகூட வாங்கல. அப்ப நான் சொன்னதுல பாதி, சாட்டிலைட் வர்ற வரைக்கும் நில்லுங்க, முதல் அஞ்சு தடவை அஞ்சு மீட்டர் உயரம் பத்து மீட்டர் தூரம் தாண்டாதீங்க, சதுரமா ஓட்டிப் பழகுங்கன்னுதான். அந்தப் பாதி யாருக்கும் ஞாபகம் இல்ல. விலையும் கடையும் மட்டும் ஞாபகம் இருக்கு.

பந்தயமே கட்டறேன். அந்தத் தம்பி போன்ல, ஆப்புக்குள்ள, அன்னைக்குப் பறந்த பதிவு நொடிக்கு நொடி உக்காந்திருக்கும். எத்தனை சாட்டிலைட், எந்த எடத்துல ஹோம் பதிஞ்சது, எப்ப பட்டன அமுக்கினாரு, எல்லாம். அதை அனுப்புங்க, குரூப்லயே போட்டுப் பாக்கலாம். நான் சொன்னது தப்புன்னா ட்ரோன் காசு என் பாக்கெட்லருந்து.

அண்ணன்கிட்ட கேட்டு அஞ்சு நாளாச்சு. நீல டிக் விழுந்திருக்கு. நேத்து ராத்திரி அதே வீடியோவுக்குப் பின்னணியில சோகப் பாட்டு சேத்து மறுபடியும் போட்டிருக்காரு.