கூலி நின்ற இடம் முகாம் இல்லை

கைதட்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிராம சபை வீடியோவை இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். எந்த ஊர், யார் பேசினார்கள் என்பதை நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. நூறு நாள் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் கூலி வரவில்லை என்று அந்த அக்கா மைக்கைப் பிடித்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே அழுதார். அதுவரைக்கும் கூட்டம் சும்மா இருந்தது. பின்னால் இருந்து ஒரு தம்பி எழுந்து, "அகதிங்களுக்கு வீடு கட்டக் காசு இருக்கு, மாசாமாசம் கையில கொடுக்கக் காசு இருக்கு, எங்க ஆயாவுக்குக் கூலி கொடுக்க மட்டும் இல்லையா?" என்று கத்தினான். அப்போதுதான் கைதட்டினீர்கள். அக்காவின் கண்ணீருக்கு ஒருவரும் கைதட்டவில்லை. மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளுக்கு அந்தத் தம்பியால் எவ்வளவு பெரிய நிம்மதி! அதுவரை அவர்களைப் பார்த்திருந்த கூட்டம் முழுக்க இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் பக்கம் திரும்பிவிட்டது.

கூலி நின்ற இடம் முகாம் இல்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

கூலி வரும் வழியைப் பாருங்கள். ஏரிக்குள் பணித்தளப் பொறுப்பாளர் செல்போன் செயலியில் வருகை போட்டுப் படம் எடுக்கிறார். வாரம் முடிந்தால் என்.எம்.ஆர். என்ற வருகைப் பட்டியல் மூடப்படும். வெட்டிய மண்ணை ஓவர்சியர் அளந்து எம்.புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதுவார். ஒன்றிய அலுவலகத்தில் அதைக் கணினியில் ஏற்றி, இரண்டு பேர் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டால் எஃப்.டி.ஓ. என்ற பண உத்தரவு உருவாகும். அதற்கப்புறம் தில்லியில் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கணக்கிலிருந்து நேராகத் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். ஊராட்சிச் செயலர் கைக்கு இந்தக் கூலி வருவதே இல்லை. என்.எம்.ஆர். மூடிய 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதமானால் 16-ஆவது நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். ஆறு நாள் வேலைக்கு 2,016. அதற்கு இழப்பீடு கணக்குப் போட்டால் ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு ரூபாய். இரண்டு மாதம் இழுத்தடித்தாலும் சுமார் அறுபது ரூபாயில் முடிந்துவிடும். அந்த ஒரு ரூபாயைக் கேட்டு வாங்கியவர் நம் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கும்பிடுகிறேன்.

2025-இல் 4,034 கோடி ரூபாய் பாக்கி நிற்கிறது என்று மாநில அரசே சொல்லி, மார்ச் 29 அன்று அப்போதைய ஆளுங்கட்சியான தி.மு.க. ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் நடத்தியது. அந்தப் பாக்கி தில்லியில் நின்றது. தும்பலஹள்ளி முகாமில் நிற்கவில்லை, கேசர்குழி முகாமில் நிற்கவில்லை.

இனி முகாம் பணம். அது வேறு துறை, வேறு தலைப்பு. மாதப் பணக்கொடையை மாநில மறுவாழ்வுத் துறை கொடுக்கும். அந்தச் செலவை உள்துறை அமைச்சகத்திடம் கேட்டு வாங்கும். வீடுகள் 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்தில் அறிவித்த 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டத்தில் வருபவை, மாநிலம் முழுக்க 7,469 வீடுகள். இரண்டு பணத்துக்கும் நடுவே வாய்க்கால் கிடையாது. கே.ஆர்.பி. அணை மதகை அடைத்தால் நாகாவதி அணையில் தண்ணீர் ஏறுமா? அது தென்பெண்ணை, இது காவிரிக்குப் போகிற ஆறு. முகாமுக்கு நாளையே எல்லாவற்றையும் நிறுத்தினாலும் ஆயாவின் பாஸ்புக்கில் ஒரு ரூபாய் ஏறாது.

"மாசாமாசம் கையில" என்று தம்பி சொன்ன தொகை எவ்வளவு தெரியுமா? குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, குழந்தைக்கு 500. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 117 ரூபாய்கூட வராது, ஆளுக்கு 29 ரூபாய். 2021-க்கு முன்னால் இதைவிடக் குறைவு. கணக்கெடுப்பு நாளில் ஆள் முகாமில் இல்லையென்றால் அதுவும் நிற்கும். அந்த 29 ரூபாயைப் பார்த்துத்தான் கைதட்டினீர்கள். எனக்கு இது உறுத்துகிறது. நம் ஊர்க்காரர்கள் இவ்வளவு சின்ன மனசுக்காரர்கள் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"நீ எதுக்கு முகாமுக்கு வக்காலத்து வாங்குற, உன் வீட்ல கொண்டுபோய் வெச்சுக்க" என்று பின்னூட்டம் வரும் என்று தெரியும். வரட்டும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். "நூறு நாள் வேலைக்குப் போறவங்க மரத்தடியில உக்காந்துட்டுத்தானே வர்றாங்க, அவங்களுக்கு எதுக்குக் கூலி?" இதைக் கேட்பவர்கள் ஒரு நாள் காலையில் ஏரிக்குப் போய்ப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பொதுப் பணித்தளத்திலும் என்.எம்.எம்.எஸ். என்ற அந்த வருகைச் செயலி கட்டாயம். ஒரு நாளைக்கு இரண்டு படம். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். கூலியோ வெட்டிய மண்ணின் அளவுக்குத்தான். வெயில் ஏறுவதற்குள் குனிந்து வெட்டி அளவை முடித்துவிட்ட பெண்கள், அடுத்த படம் எடுக்கும் வரை வீட்டுக்குப் போக முடியாது. சோறாக்க வேண்டும், மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும், ஆனாலும் புளியமரத்தடியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார வைத்தது செயலி. அந்த நேரத்தில் பைக்கில் போகிறவர் ஒரு வீடியோ எடுத்து, சும்மா உட்கார்ந்து சம்பளம் என்று போட்டுவிடுகிறார்.

அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு முழங்கால் மடங்காது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளூரைடு எவ்வளவு என்று தெரியாதவர்களா நாம்? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013-இல். அதற்கு முன் நாற்பது வருஷம் அந்தத் தண்ணீரையே குடித்து எலும்பு இறுகிப்போனவர்களுக்கு இனி எந்தக் குழாய்த் தண்ணீர் காலை நிமிர்த்தும்? அவர்கள் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தால் நமக்கு ஏன் கோபம் வருகிறது?

செயலியில் இன்னொரு கோளாறு. ஏரிக்குள் டவர் கிடைக்காது. ஆஃப்லைனில் எடுத்து அப்புறம் ஏற்றலாம் என்பார்கள். அன்றைய ஆள் பட்டியல் போனில் இறங்கினால்தான் வருகையே போட முடியும், அது இறங்குவதற்கே டவர் வேண்டும். பணித்தளப் பொறுப்பாளராக இருக்கும் பெண் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரை மேல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கிறார், கீழே முப்பது பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டாவது படம் ஏறவில்லையென்றால் அன்றைய உழைப்புக்குக் கணக்கே தகராறு. இதற்கு யாரும் கிராம சபையில் கத்தவில்லை.

2024 ஜனவரி 1 முதல் கூலி ஆதார் வழியாகத்தான் வருகிறது. இதில் கூலி காணாமல் போகிற விதம் நிறையப் பேருக்குப் புரியவில்லை, கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பணம் நீங்கள் கொடுத்த பாஸ்புக்கைப் பார்த்து வராது. எந்த வங்கியில் கடைசியாக ஆதாரை என்.பி.சி.ஐ. மேப்பிங்கில், அதாவது எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று காட்டும் பட்டியலில், இணைத்தார்களோ அந்தக் கணக்குக்குப் போகும். ஆயா நூறு நாள் வேலைக்கு ஒரு வங்கியில் கணக்கு வைத்திருப்பார். குழுக் கடனுக்காக வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கியிருப்பார், அங்கே ஆதாரையும் கைரேகையையும் வாங்கி இணைத்திருப்பார்கள். அன்றிலிருந்து கூலி அங்கே போகும். ஆயா பழைய பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு மாதா மாதம் நடையாய் நடப்பார். ஆதார் இணையதளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஆதார் எண்ணைப் போட்டு, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் எந்த வங்கி என்று காட்டிவிடும். ஆதாரில் கொடுத்த போன் நம்பர் மகனுடையதாக இருந்து, மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தால், ஓ.டி.பி. அங்கே போகும். இதைத் தீர்க்க இரண்டு நாள் வேலையை விட வேண்டும்.

பெயர்த் தகராறு அதைவிட மோசம். ஜாப் கார்டில் மாதம்மா, ஆதாரில் மாதம்மாள். தமிழில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் ஆங்கிலத்தில் அடித்தவர் ஒரு இடத்தில் ஒற்றை எம், இன்னொரு இடத்தில் இரட்டை எம் போட்டிருப்பார். சரிபார்ப்பு தள்ளிவிடும். பணம் வந்து சேர்ந்த பிறகும் கைரேகை மெஷின் இருக்கிறது. கட்டைவிரலை முந்தானையில் துடைத்து, எச்சில் தொட்டு, மறுபடி துடைத்து, நாலைந்து தடவை வைத்தும் மெஷின் சிவப்பே காட்டுகிறது. வருஷக்கணக்கில் மண்வெட்டி பிடித்த கையில் ரேகை எங்கே இருக்கும்? உழைத்த கை என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அந்தக் கையைத்தான் மெஷின் தெரியாது என்கிறது.

இதில் எந்த இடத்திலாவது முகாம் வருகிறதா? ஒரு இடத்தைக் காட்டுங்கள்.

"புதுச் சட்டத்துல 125 நாள் ஆச்சே" என்கிறார்கள். நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் 125 நாள் என்று இருப்பது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கூலிச் செலவில் 40 சதவீதம் இனி மாநிலத்தின் தலையில். முன்பு கூலி முழுதும் ஒன்றிய அரசுடையது. விதைப்பு, அறுவடைக் காலத்தில் வருஷத்துக்கு 60 நாள் வேலை தராமல் நிறுத்தவும் வழி வைத்திருக்கிறார்கள். ஐம்பது நாள் வேலையும் ஒழுங்காகக் கிடைக்காத ஊரில் 125 என்ற எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாளைக்கு மாநிலம் தன் 40-ஐத் தராமல் இழுத்தால், தில்லி சென்னையைக் கை காட்டும், சென்னை தில்லியைக் கை காட்டும். அப்போதும் நாம் பாம்பாறு முகாமையே கை காட்டிக்கொண்டிருப்போமா?

ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் இதுதான் நடக்கிறது. கான்ட்ராக்டர் பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்றால், வேலையை விட்ட தேதியைப் போடாமல் விட்டதால் பணத்தை எடுக்க முடியவில்லை என்றால், கோபம் அடுத்த லைனில் நிற்கும் ஒடிசாப் பையன் மேல் போகிறது. அவனுக்கும் அதே கான்ட்ராக்டர்தான். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், கான்ட்ராக்டர் உரிமம் எடுக்க வேண்டிய ஆள் எண்ணிக்கை 20-லிருந்து 50 ஆகிவிட்டது. நூற்றிருபது பேரை நாற்பது நாற்பதாக மூன்று பெயரில் காட்டினால் ஒருவருக்கும் உரிமம் வேண்டாம். ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி கேட்க வேண்டிய வரம்பு 100-லிருந்து 300. மாநில அரசும் சும்மா இல்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு மசோதா நிறைவேற்றி, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கியது. அந்த எதிர்ப்பு தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக நின்றதால் வந்தது. (பி.எஃப். விஷயத்தில் ஒன்று: கடைசித் தொகை கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டால், விட்ட தேதியை நீங்களே பி.எஃப். அமைப்பின் யு.ஏ.என். இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம். கான்ட்ராக்டரைக் கெஞ்ச வேண்டாம்.)

முகாம் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் வந்தவர்களை அணை ஓரமாகப் பத்துக்குப் பத்து அறையில் வைத்தோம். அங்கே பிறந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். பி.இ. முடித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். அரசு வேலைக்கு மனுப் போட முடியாது, பாஸ்போர்ட் கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சேர்த்தது, இலங்கையை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் ஒரு உத்தரவு வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்கள்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போட மாட்டோம் என்று. தண்டிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். குடியுரிமை அதில் இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று சட்டம் இருந்தும், 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அவர்களுக்கு ஓட்டு இல்லை. அதனால்தான் அவர்களைத் திட்டுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. திருப்பிப் பேச கிராம சபையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி கூடக் கிடையாது. நமக்காவது இருக்கிறதா? 2025 ஜனவரி 5-உடன் நம் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலரை வைத்துத்தான் சபை நடந்துகொண்டிருக்கிறது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் நம்மால் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லை. அதற்கும் யாரும் கத்தவில்லை.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆயாமேல் இருக்கிற பாசத்தில்தான் கத்தினான், அது வீடியோவிலேயே தெரிகிறது. இதைப் படித்தால், தம்பி, ஒன்று செய். ஆயாவின் ஜாப் கார்டு, ஆதார், வீட்டில் இருக்கிற எல்லா பாஸ்புக்கும் எடுத்துக்கொள். ஜாப் கார்டு எண்ணை வைத்து நூறு நாள் வேலை இணையதளத்தில் எந்த என்.எம்.ஆருக்குக் கூலி போட்டிருக்கிறார்கள், எது நிற்கிறது, எது ரிஜக்ட் ஆகியிருக்கிறது என்று தேதியோடு எழுதிக்கொள். நிற்கிறது என்று காட்டினால் தில்லி இன்னும் விடவில்லை. ரிஜக்ட் என்று காட்டினால் ஒன்றிய அலுவலகத்தில் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். வரவு என்று காட்டினால் வேறு பாஸ்புக்கில் கிடக்கிறது. அந்தத் தாளோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போ, மனுவைக் கொடுத்துத் தேதி போட்ட ரசீது வாங்கு, தாமத இழப்பீட்டையும் அதிலேயே கேள். கிளம்புவதற்கு முன்னால் மூன்றிலும் ஆயாவின் பெயர் எழுத்து எழுத்தாக ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடு.