தாடையில் முட்டும் ஜாக்கெட்டை யார் போடுவார்கள்?

படகில் லைஃப் ஜாக்கெட் போடாதவர்களுக்கு அபராதம் விதிக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை, சரி, ஆனால் கோவளத்தில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டப் போனபோது எனக்குக் கொடுத்த ஆரஞ்சு ஜாக்கெட் உட்கார்ந்ததுமே மேலேறித் தாடையில் முட்டியது, துடுப்பு போடப் போட அக்குள் உரசி மறுநாள் சட்டை போட முடியவில்லை. கயாக்குக்கென்றே தைப்பது வேறு. கை வெட்டு அகலமாக இருக்கும், முதுகில் மிதக்க வைக்கும் நுரைப்பஞ்சு மேலே மட்டும், கீழே வலைத்துணி, அதனால் இருக்கையில் நன்றாகச் சாயலாம். அதன் மிதவைத்திறன் 50 நியூட்டன், கிட்டத்தட்ட 5 கிலோ தூக்கும். கரையோரத்தில் நீச்சல் தெரிந்தவருக்குப் போதும், தெரியாதவருக்கு முகத்தை மேலே திருப்பிவிடும் 100 நியூட்டன் ஜாக்கெட்தான் வேண்டும். அப்புறம் குழந்தைகளுக்கு ஜாக்கெட் மேலேறாமல் பிடிக்கக் கால் இடுக்குப் பட்டை வேண்டும், அதை நான் இங்கே பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்கிக் குவித்தால் படகு நகர்ந்ததும் கொக்கியைக் கழற்றத்தான் செய்வார்கள்.