தப்பாகப் பதில் சொல்ல ஓர் இடம்

சட்டம் படிக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து தோட்டத்தில் யாரைப் பார்த்தாலும் ஒரு கேள்வி. வீட்டு நிலம், இபிஎஃப் சேமநிதி, பக்கத்து வீட்டு நாய். பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வராது.

வகுப்பிலும் இதே வியாதிதான். விரிவுரையாளர் கேள்வி கேட்டால், அப்பா வக்கீலாக இருக்கும் பிள்ளைகள் தப்பான பதிலைக்கூடச் சத்தமாகச் சொல்வார்கள். நான் சரியான பதிலையும் விழுங்கிவிடுவேன்.

என்னைக் காப்பாற்றியது கைபேசியில் செய்யும் இணையப் பாடங்கள். ஒரு சின்னக் கதை, நான்கு விடைகள். தப்பானதைத் தொட்டால் சிவப்பு விழும், ஏன் தப்பு என்று கீழே விளக்கம் வரும். அவ்வளவுதான். இரவு பதினொரு மணிக்குப் பின்வாசல் படியில் உட்கார்ந்து (அங்கேதான் லைன் கிடைக்கும்) ஒரே கேள்வியில் மூன்று தடவை விழுந்திருக்கிறேன். கொசுவைத் தவிர யாருக்கும் தெரியாது. இது நேற்று வந்த சங்கதியும் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகமும் ஹார்வர்ட் சட்டப் பள்ளியும் சேர்ந்து 1982-லேயே கணினிவழிச் சட்டப் பாடங்களுக்காக 'காலி' (CALI) என்ற அமைப்பைத் தொடங்கின. பெயர்தான் காலி, உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடங்கள்.

ஆனால் அடி வாங்கியதும் இதே வழியில்தான். ஒரு வெளிநாட்டுப் பாடத்தில், முன்பே செய்து முடித்த உதவி கன்சிடரேஷன் (ஒரு வாக்குறுதிக்கு ஈடாகத் தருவது) ஆகாது, அதற்காகப் பிறகு தரும் வாக்குறுதி செல்லாது என்று படித்தேன். பச்சை விழுந்தது, எனக்கும் பெருமை. அதையே தேர்வில் எழுதினேன். மதிப்பெண் போனது. நம் மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டம் 1872 இந்தியச் சட்டத்தின் வழி வந்தது. பிரிவு 26(பி) வேறு மாதிரி சொல்கிறது: ஒருவர் தாமாக முன்வந்து நமக்குச் செய்ததற்கு ஈடு தருகிறேன் என்று பிறகு சொன்னால் அது செல்லும். தொலைந்த பர்ஸை எடுத்துக் கொடுத்தவருக்கு 50 ரிங்கிட் தருகிறேன் என்று சொல்வதுதான் சட்டம் தரும் உதாரணமே.

அம்மாவிடம் சொன்னேன். "தர்றேன்னு சொல்லிட்டா தரணும்தானே, இதுக்கு எதுக்கு சட்டம்?" என்றார். அந்தத் தேர்வை அம்மா எழுதியிருக்கலாம்.

அதிலிருந்து சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைக்காமல் எந்தப் பாடத்தையும் தொடுவதில்லை. மனக்குறை ஒன்றுதான்: நம் சட்டத்துக்கு, நம் வழக்குகளை வைத்து இப்படிப் பாடங்கள் என் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் கதைக்கா பஞ்சம்? இக்னேஷியஸ் எதிர் பெல், 1913. நிலம் வாங்கும் உரிமையை 1912 ஆகஸ்ட் 20-க்குள் பயன்படுத்த வேண்டும். 16-ஆம் தேதியே, வாங்குகிறேன் என்று கிள்ளானிலிருந்து பதிவுத் தபால் போய்விட்டது. பெறவேண்டியவர் ஊரில் இல்லை. கடிதம் கோலசிலாங்கூர் தபால் நிலையத்தில் கிடந்து, 25-ஆம் தேதிதான் அவர் கைக்குப் போனது. நம் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பக்கம்தானே, பஸ்ஸில் போய்வரும் ஊர்! கடிதத்தைத் தபாலில் போட்டதுமே ஏற்பு (சம்மதம் தெரிவிப்பது) முடிந்தது என்று தீர்ப்பானது.

போன வாரம் இதை வைத்து நானே ஒரு கேள்வி எழுதினேன். சரியான விடை ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. என்னை மாதிரி ஆள் நம்பி ஏமாறக்கூடிய மூன்று தப்பு விடைகள்தான் வரமாட்டேன் என்கின்றன. இதுவரை இரண்டு எழுதியிருக்கிறேன்.