அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இன்னொரு வக்கீலைப் பாருங்கள்

மனை வாங்கப் போகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். விற்கிறவர் தரும் லீகல் ஒப்பீனியனை, அதாவது சொத்தின் உரிமை சரியாக இருக்கிறது என்று ஒரு வக்கீல் எழுதித் தரும் கருத்தை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நீங்களாகத் தேடிப்பிடித்து, உங்கள் கையால் ஃபீஸ் கொடுக்கும் வக்கீல் ஒருவரிடமும் பத்திரங்களைக் காட்டுங்கள்.

சித்தப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் செங்கல்பட்டு பக்கம் ஒரு மனை பார்த்தார். ஃபைல் கச்சிதமாக இருந்தது. வில்லங்கச் சான்று, பட்டா, டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல், கூடவே "டைட்டில் கிளியர்" என்று முடியும் ஒப்பீனியன். சித்திதான் விடாப்பிடியாக நின்று, சிவில் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலம்மாவிடம் அவரைக் கூட்டிப்போனார். அந்த அம்மா வில்லங்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, நிலத்தின் பழைய சொந்தக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அவர் சுயமாக வாங்கிய நிலம். உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். 1996 கிரயப் பத்திரத்தில் மூன்று மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாரிசுச் சான்று ஃபைலிலேயே இல்லை. கேட்டு வாங்கிப் பார்த்தால், அதில் இரண்டு மகள்கள்.

"பொண்ணுங்களுக்கு 2005லதானே மேடம் சட்டம் வந்துச்சு?" என்றார் விற்பவர் தரப்பு ஆள். நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். 2005 திருத்தமும், அதற்கு முன் 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் பூர்வீகக் கூட்டுச் சொத்தைப் பற்றியவை. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில், அவர் உயில் இல்லாமல் இறந்தால், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. அந்த மகள்கள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், கோர்ட் படியேறப் போவது மனை வாங்கியவரும்தான்.

வில்லங்கச் சான்றை எத்தனை தரம் புரட்டினாலும் இது கண்ணில் படாது. அதில் இருப்பது பதிவான பத்திரங்களின் விவரம். கையெழுத்துப் போட வேண்டியவர் யார், போடாமல் விடுபட்டவர் யார் என்பது அதில் வராது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் இல்லை. பட்டா மட்டும் கையில் இருந்தால் உரிமை நிலைத்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. டிடிசிபி பார்ப்பது ரோடு, பூங்கா இடம், மனைப்பிரிவு வரைபடம். "பேங்க்கே லோன் தருதே" என்பார்கள். பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்க்கின் பணத்துக்காக. நாளைக்கு வழக்கு வந்தாலும் ஈஎம்ஐ உங்கள் தலையில்தான்.

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. முப்பது லட்ச ரூபாய் மனைக்கு இதுவே 2,70,000 ரூபாய். முணுமுணுக்காமல் கட்டுகிறோம். வக்கீல் ஃபீஸ் என்றால் மட்டும் மனசு வருவதில்லை. அதைவிடப் பெரிய தடை கூச்சம். "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று புரோக்கர் கேட்டதும் பாதிப் பேர் வாயடைத்துப் போகிறார்கள். கிரயம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். அவசரப்படுத்துவது அவர் தொழில். அதற்காக நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

மகள்கள் இருவரிடமும், தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் வாங்கித் தாருங்கள் என்று சித்தப்பா கேட்டார். "வேற பார்ட்டி ரெடியா இருக்கு" என்று பதில் வந்தது. அவர் விலகிக்கொண்டார்.

இரண்டாவது வக்கீலிடம் போகும்போது முதல் ஒப்பீனியனைக் கொண்டுபோகாதீர்கள். அதைப் பார்த்தால் அதே வழியில்தான் கண் போகும். மூலப்பத்திரம் எனப்படும் பழைய பத்திரம் தொடங்கி எல்லாவற்றின் நகலையும் கொடுங்கள். நிலம் யார் யார் கைக்கு மாறி வந்ததோ, அதில் இறந்துபோன ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர்த்துக் கொடுங்கள். விற்பவர் தர மறுக்கும் காகிதம் எது என்பதையும் அந்த வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள்.