தம்பியைத் தறியிலிருந்து தூக்கியவர்

அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடிய ஆங்கில அரசியல்வாதி வில்பர்போர்ஸ் பற்றிய உங்கள் கட்டுரை அருமை, ஆனால் அவர் சிறுவயதில் படித்த, இங்கிலாந்தின் ஹல் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் ஜோசப் மில்னரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே. லீட்ஸில் நெசவாளி வீட்டுப் பிள்ளை அவர். வேலை கிடைத்ததும் தறியில் கிடந்த தம்பி ஐசக்கைக் கூட்டிவந்து தன் பள்ளியிலேயே உதவி ஆசிரியராக வைத்துக்கொண்டார், அந்தத் தம்பிதான் பின்னால் கேம்பிரிட்ஜில் லூகாசியன் கணிதப் பேராசிரியர், நியூட்டன் இருந்த அதே நாற்காலி! பொடியன் வில்பர்போர்ஸை மேசைமேல் ஏற்றி நிறுத்தி மற்ற பையன்கள் கேட்க வாசிக்கச் சொன்னதும் இந்த ஐசக்தான்.

1770 வாக்கில் ஜோசப் தீவிர சுவிசேஷப் பிரசங்கியாக மாறினார். வில்பர்போர்ஸ் பையனுக்கும் 'மெதடிஸ்ட் பைத்தியம்' (மெதடிஸ்ட் என்பது அன்று இப்படித் தீவிர பக்தியைப் பரப்பிய கிறிஸ்தவ இயக்கம்) பிடித்துவிடக் கூடாது என்று வீட்டார் அவனை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் 1785இல் ஐசக்கோடு பயணம் போய் அதே வழிக்கு வந்து சேர்ந்தான், அது வேறு கதை.

ஜோசப் எழுதிய திருச்சபை வரலாற்று நூல் சண்டைகளையும் பிளவுகளையும் தள்ளிவிட்டு பக்திமான்களை மட்டும் பேசுவது. வரலாறாக அது ஒருபக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்த பழைய திருச்சபை ஞானி அகஸ்டினின் மேற்கோள்களில் சிறுவயதிலேயே மயங்கிய நியூமன், ஆங்கிலிக்கன் (இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் சபை) குருவாக இருந்தவர், கடைசியில் கத்தோலிக்கக் கர்தினால் ஆனார். புராட்டஸ்டன்டான மில்னர் இதைப் பார்க்காமல் 1797இலேயே இறந்துவிட்டார், நல்லவேளை.